நாடா சிக்கிய இடத்தில் காது காத்திருக்கிறது

எண்பதுகளில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத் தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். அதில் ஆறு பாட்டு முழுசாக அடங்கும். ஏழாவது பாட்டு, பாடகர் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே டக்கென்று நின்றுவிடும்.

என் முதல் கேசட்டில் மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஒருநாள் நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே இழுத்துவிட்டேன். ஆனாலும் கசங்கியது கசங்கியதுதான். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் குரல் ஒரு நொடி தண்ணீரில் முங்கி எழும். இப்போது அதே பாட்டு போனில் பளிச்சென்று கேட்கிறது. இரண்டாம் சரணம் நெருங்கியதும் என் காது அந்த முங்கலுக்குத் தயாராகிவிடுகிறது. அது வருவதில்லை. இல்லாத படியில் காலை வைத்த மாதிரி ஒரு தடுமாற்றம் மட்டும் வருகிறது.

பழைய பாட்டைத் திரும்பக் கேட்டேன், பழைய நாவலைத் திரும்பப் படித்தேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் ‘திரும்ப’வுக்குள் என்னதான் நடக்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் நிறையவே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு மேடு.

வயதானவர்களிடம் ஒரு சாதாரணச் சொல்லைக் கொடுத்து, அதைக் கேட்டதும் வாழ்க்கையில் எந்தச் சம்பவம் நினைவுக்கு வருகிறது, அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கேட்பார்கள். ‘மழை’, ‘சைக்கிள்’ மாதிரி ஏதாவது ஒரு சொல். இப்படி நூற்றுக்கணக்கான நினைவுகளைச் சேர்த்து வயதுவாரியாகக் கோடு போட்டால் ஒரு வடிவம் கிடைக்கும். முதல் மூன்று நான்கு வயதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. கடைசிச் சில வருடங்கள் நிறைந்திருக்கும். அங்கிருந்து பின்னால் போகப் போகக் கோடு இறங்கிக்கொண்டே போக வேண்டும், மறதியின் இயல்பு அதுதானே. ஆனால் நடுவே, ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில், அது மறுபடி புடைத்து எழுகிறது. டேவிட் ரூபின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1986-இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நமக்குள் இதை ‘நினைவு மேடு’ என்று வைத்துக்கொள்வோம்.

மேடு ஏன் அங்கே எழுகிறது என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். முதல் சைக்கிள், முதல் தோல்வி, வீட்டைவிட்டு முதன்முதலாகத் தள்ளியிருந்த ஹாஸ்டல் என்று எல்லாமே முதல் தடவை நடக்கிற வயது அது. நான் யார், எனக்கு என்ன பிடிக்கும் என்பதை முடிவு செய்துகொள்கிற வயதும் அதுவே. அதனால் அப்போது கையில் இருந்த பொருள்களெல்லாம், பாட்டு உட்பட, ‘நான்’ என்கிற கட்டிடத்துக்குள் செங்கல்லாகப் போய்விடுகின்றன. அப்புறம், அந்த வயதில் ஒரே பாட்டை ஒரே நாளில் இருபது தடவை கேட்கப் பொறுமையும் நேரமும் இருந்தன. இப்போது எனக்கு இரண்டும் இல்லை.

பாட்டில் இந்த மேடு நன்றாகவே தெரிகிறது. 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 1932 முதல் 1986 வரை புகழ்பெற்ற பாட்டுகளின் துண்டுகளைப் பல வயதினருக்கும் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். அவரவருக்கு ஏறக்குறைய 24 வயது இருந்தபோது வெளிவந்த பாட்டுகள்தான் அதிக மதிப்பெண் வாங்கின. பிறகு வந்த சில ஆய்வுகள் அந்த உச்சத்தைப் பதின்ம வயதுக்கே இறக்கிவிட்டன. எப்படியிருந்தாலும் முப்பதைத் தாண்டவில்லை.

நம் வீடுகளில் நடக்கிற பாட்டுச் சண்டைக்கும் இது பொருந்தும். 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த ‘ஹரிதாஸ்’ காலத்துத் தாத்தாவுக்கு அதற்கப்புறம் வந்ததெல்லாம் இரைச்சல். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இசை என்றால் இளையராஜாதான். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது பதினைந்து வயதானவர், ரஹ்மானுக்கு முன்பு ஸ்பீக்கர் என்ற ஒன்றே இருக்கவில்லை என்பதுபோலப் பேசுவார். எது சிறந்தது என்று வாதாடுகிறவர்களிடம் பிறந்த வருடத்தைக் கேட்டால் போதும், பாதி விஷயம் விளங்கிவிடும். (இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும், எண்பதுகளின் பாட்டுக்கு ஈடு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கொள்கை ஒருபக்கம் இருக்கட்டும்.)

இதில் இன்னொரு சின்ன ஏமாற்றும் இருக்கிறது. எண்பதுகளிலும் கேட்கச் சகிக்காத பாட்டுகள் ஏராளமாக வந்தன. அவற்றை யாரும் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருடச் சல்லடையில் தங்கியதை எடுத்து, நேற்று வந்த பத்துப் பாட்டோடு ஒப்பிட்டால் நேற்றைய பாட்டு தோற்கத்தான் செய்யும்.

மேடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த முதியவர்களிடம் 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, முப்பதைத் தாண்டி ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மேடும் அந்த வயதுக்கு நகர்ந்திருப்பதைக் கண்டது. புது மொழி, புதுத் தெரு, புது வேலை என்று எல்லாமே மறுபடியும் ‘முதல் தடவை’ ஆகிவிடுகிறது அல்லவா. 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கும் பாரீசுக்கும் போனவர்களில் சிலர், போன புதிதில் குளிருக்குள் உட்கார்ந்து கேட்ட கேசட்டுகளைப் பற்றி ஊரில் கேட்ட பாட்டுகளுக்கு இணையாகப் பேசுவது எனக்கு ஆச்சரியமாக இருந்ததுண்டு. இந்த ஆய்வைப் படித்த பிறகு அந்த ஆச்சரியம் குறைந்தது.

ஊரையும் பாட்டையும் சேர்த்துப் பேசும்போது ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. கூலிப்படையாக வெளிநாடுகளுக்குப் போன சுவிட்சர்லாந்துச் சிப்பாய்களுக்கு ஊர் நினைவால் உடம்பே கெட்டுவிடுகிறது என்று பேச்சு இருந்தது. 1688-இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதை ஒரு நோயாகவே விவரித்து ‘நாஸ்டால்ஜியா’ என்று பேர் வைத்தார். இன்று நாம் சுகமாகச் சொல்லிக்கொள்கிற சொல், ஒரு வியாதியின் பெயராகப் பிறந்தது. பிரெஞ்சு சிந்தனையாளர் ரூசோ 1768-இல் வெளியிட்ட இசை அகராதியில், மலையில் மாடு மேய்க்கிறவர்கள் இசைக்கும் ஒரு மெட்டை அந்தச் சிப்பாய்களின் நடுவே வாசிக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று தடை இருந்ததாக எழுதுகிறார். கேட்டால் அழுவார்களாம், படையைவிட்டு ஓடிவிடுவார்களாம். தடை நிஜமா, கேள்விப்பட்டதைத்தான் எழுதினாரா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். அந்த மெட்டில் தனியாக எந்தச் சக்தியும் இல்லை, மற்ற நாட்டுக்காரர்களை அது ஒன்றும் செய்வதில்லை, அங்கே அது இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக வேலை செய்கிறது என்கிறார். சுவிஸ்காரர்களின் வாழ்க்கை மாறிவிட்டதால் அவர்களுக்கே இப்போது அது முன்போல் வேலை செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். மூளையைப் படம் பிடிக்கும் கருவி வருவதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே விஷயத்தைப் பிடித்துவிட்டார் மனுஷன்.

சரி, பாட்டு அத்துப்படி ஆன பிறகும் ஏன் சலிப்பதில்லை? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குப் பாதி விடை தருகிறது. தமக்கு மிகவும் பிடித்த, கேட்டால் சிலிர்க்கிற இசையை ஆட்களைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கேட்கும்போது அவர்கள் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் எங்கே சுரக்கிறது என்று பார்த்தார்கள். சிலிர்க்கும் நொடியில் ஓர் இடத்தில் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பாக, ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் எதிர்பார்க்கும்போதே, வேறோர் இடத்தில் சுரந்திருந்தது. அதாவது பல்லவிக்குத் திரும்புவதற்கு முந்தைய அந்தத் தபேலா உருட்டலிலேயே பாதிச் சம்பளம் கைக்கு வந்துவிடுகிறது. பாட்டு தெரிந்திருப்பதுதான் இங்கே முதலீடு.

என் கேசட் விவகாரமும் இதில் சேர்ந்ததே. நாடா முங்கிய இடத்தை மூளை பாட்டின் ஒரு பகுதியாகவே பதிந்து வைத்திருக்கிறது. அது மட்டுமா, மூன்றாவது பாட்டு எங்கே கேட்டாலும் சரி, கல்யாண வீடோ டீக்கடையோ, அது முடிந்த நொடியில் நாலாவது பாட்டின் முதல் புல்லாங்குழல் துணுக்கு மண்டைக்குள் தானாக ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு படம், வேறு வேறு வருடம். அவை அடுத்தடுத்து வந்த ஒரே இடம் என் நோட்டுத் தாள்தான்.

இதுவரை மனசைப் பற்றிப் பேசினோம். உடம்பும் இந்த ஆட்டத்தில் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சின்ன வயதில் மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாக ஆக மேலே இருந்து ஒவ்வொரு மாடியாக விளக்கணைகிற மாதிரி உச்ச ஒலிகள் முதலில் போகின்றன. 2005 வாக்கில் வேல்ஸில் ஒருவர், கடை வாசலில் கும்பல் போடும் பையன்களை விரட்ட 17,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கீச்சிடும் ஒரு கருவி செய்தார். பதின்ம வயதினர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், பக்கத்திலேயே நிற்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கேட்காது. சலங்கையின் மினுக்கம், ஜால்ராவின் கூர்மை, பாடகர் ‘ச’ சொல்லும்போது வருகிற காற்று எல்லாம் பெரிதும் மேல்மாடி ஒலிகள்தான். சாதாரணக் கேசட் நாடாவுக்கு அந்த உச்சங்களை முழுசாகப் பிடித்துவைக்கத் தெரியாது. இப்போது டிஜிட்டலில் அவையெல்லாம் துல்லியமாக இருக்கின்றன, கேட்பதற்கு என் காதுதான் பழைய நிலையில் இல்லை. பதினாலு வயதில் காது இருந்தது, ஒலி வரவில்லை. இன்று ஒலி வந்துவிட்டது.

புத்தகத்துக்கு வருவோம். இங்கே கதை வேறு மாதிரி போகிறது. பாட்டு நம்மைக் கையைப் பிடித்து அந்த வயதுக்கே இழுத்துக்கொண்டு போகிறது. புத்தகம் பெரும்பாலும் நம்மைத் தள்ளி நிறுத்தி, ‘எவ்வளவு தூரம் வந்துவிட்டாய், பார்’ என்கிறது. பாட்டு ஐந்து நிமிடம், அதே வேகத்தில் ஓடும், நாம் வேறு வேலை செய்தாலும் தானாக உள்ளே இறங்கும். நாவலை அப்படிக் கேட்க முடியாது. அதை ஓடவைப்பதே நம் கற்பனைதான். கற்பனைக்கு வேண்டிய சாமான்களை அப்போது கையில் இருக்கிற வாழ்க்கையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஐம்பது வயதுக் கையில் இருக்கிற சாமான் வேறு.

எனக்கு இதைப் புரியவைத்தது ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடங்கி மூன்றரை வருடத்துக்கும் மேலாக வாரம் வாரம் வந்த தொடர். பல வீடுகளில் செய்ததுபோலவே என் பெரியப்பாவும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு கோடை விடுமுறையில் அதைத் தின்று தீர்த்தேன். கதை ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு ஆரம்பிக்கும். அந்த ஏரிக்கு 74 கணவாய்கள், அதாவது மதகுகள், என்று கல்கி எழுதுகிறார். நான் பார்த்திருந்த ஒரே ஏரி எங்கள் ஊர் ஏரி, அதற்கு உடைந்த மதகு ஒன்று. ஆகவே என் வந்தியத்தேவன் எங்கள் ஊர்ப் பனைமரங்களுக்கு நடுவேதான் குதிரை ஓட்டினான். பல வருடம் கழித்து காட்டுமன்னார்கோவில் போகும் வழியில் நிஜ வீராணத்தைப் பார்த்தேன், கடல் மாதிரிக் கிடந்தது. அதற்கப்புறம் படித்தபோதும் முதல் பக்கத்தில் அந்த ஒற்றை மதகு வந்து நின்றது.

இதுவும் புதிதல்ல. பிரெடெரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றைத் தன் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, சில நாள், சில மாதம், சில வருடம் கழித்தெல்லாம் திரும்ப எழுதச் சொன்னார். 1932-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கதையில் ஆட்கள் சீல் வேட்டைக்குப் போவார்கள், மாணவர்கள் மீன்பிடிக்கப் போனதாக எழுதினார்கள். பழங்குடிகளின் தோணி வெறும் படகு ஆயிற்று. புரியாத பகுதிகள் உதிர்ந்தன, தெரிந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி கதை வளைந்தது. நினைவு என்பது பீரோவில் மடித்து வைத்த புடவை அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாக நெய்கிறோம் என்பது பார்ட்லெட்டின் கட்சி. ஆகவே முப்பது வருடம் கழித்து ஒரு நாவலைத் திறக்கும்போது, அச்சிட்ட நாவலும் நாம் மனசுக்குள் திருத்தி எழுதி வைத்திருக்கிற நாவலும் மோதிக்கொள்கின்றன. ‘இந்தக் காட்சி இவ்வளவு சின்னதா, பத்துப் பக்கம் இருந்ததே’ என்று பக்கங்களைப் புரட்டித் தேடுவது அதனால்தான்.

பதினாலு வயதில் எனக்கு வந்தியத்தேவனைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. கோயில் வர்ணனை, பாசுரம் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து ஓடினேன். முப்பத்தைந்தில், ஆபீஸ் அரசியலில் சிக்கிச் சோர்ந்திருந்த நேரத்தில் மறுபடி எடுத்தேன். அப்போது குந்தவையும் நந்தினியும் பேசிக்கொள்ளும் இடங்கள் திடீரென்று வெளிச்சமாயின. ஒவ்வொரு மரியாதைச் சொல்லுக்குள்ளும் ஒரு கத்தி இருந்ததை எட்டாம் வகுப்பில் நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? போன வருடம் மூன்றாவது தடவை படித்தேன். இந்த முறை பெரிய பழுவேட்டரையர் என்னைப் பிடித்துக்கொண்டார். உடம்பில் 64 விழுப்புண்கள் வாங்கிய கிழவர், முதிய வயதில் செய்துகொண்ட கல்யாணத்தால் ஊர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறது, தான் ஏமாற்றப்பட்டோம் என்று தெரியவரும் நாளை அவர் எதிர்கொள்கிறார். சின்ன வயதில் அவர் எனக்கு வில்லன், அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. நோயில் படுத்திருக்கும் சுந்தர சோழர் இரவில் பழைய குற்றவுணர்வில் அலறும் பகுதியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். அங்கே வந்தியத்தேவன் இல்லவே இல்லை.

எழுத்தும் சேர்ந்து சிறியதாகிவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். நாற்பதுகளில் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்து எனக்கும் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தைத் தள்ளிப் பிடித்து, மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. மெதுவாகப் படித்ததால்தான் பாசுரங்கள் கண்ணில் பட்டனவோ என்றும் தோன்றுகிறது. முதிர்ச்சி என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் கொஞ்சம் கண்ணின் களைப்பாகவும் இருக்கலாம்.

பெரியப்பாவின் பைண்டில் ஓரிடத்தில் ஒரு வாரப் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன. ஆசிரியர் வேண்டுமென்றேதான் அப்படித் தாவுகிறார் என்று நினைத்திருந்தேன், அந்தத் தாவல் அழகாகக்கூட இருந்தது. அச்சுப் பதிப்பில் விடுபட்ட அத்தியாயத்தைப் படித்தபோது யாரோ நடுவே புகுந்து எழுதிவிட்ட எரிச்சல் வந்தது. கசங்கிய நாடாவின் அண்ணன் இது.

மறுவாசிப்பு என்றதும் எல்லாரும் ‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ குறளை எடுப்பார்கள். நானும் எடுக்கிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. அங்கே வள்ளுவர் விளக்க வந்தது நட்பை. படிக்கப் படிக்க நூல் இனிப்பதை உவமையாகத்தான் கொண்டுவருகிறார். கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைத்தானே உவமையாகச் சொல்வார்கள்? அப்படியென்றால் திரும்பத் திரும்ப ஓதுவதன் சுவை அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்திருக்க வேண்டும். கையில் ஓலை, மனப்பாடம்தான் வழி என்ற காலம். ஒரு நூலை ஒரே ஒருமுறை படிப்பது என்பதுதான் அவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கும்.

திரும்பிப் போவது எப்போதும் இனிப்பதில்லை. அப்போது விழுந்து விழுந்து சிரித்த ஒரு தொடர்கதையை எடுத்தேன், பாதி நகைச்சுவை ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றியது. இருபது பக்கத்தில் மூடிவிட்டேன். புத்தகம் மூடக்கூடிய பொருள். ஆனால் அதே காலத்துப் பாட்டு ஒன்று, விருப்பமில்லாத பெண்ணை விடாமல் துரத்துவதை வீரமாகப் பாடும் பாட்டு, பஸ்ஸில் ஓடும்போது வாய் முணுமுணுக்கிறது, விரல் சீட்டுக் கம்பியில் தாளம் போடுகிறது. தலை ‘ச்சே’ என்கிறது. விரல் கேட்பதில்லை. பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் அந்த விரலைத்தான் காட்டுவேன்.

கடைசியாக, மேட்டுக்கு ஒரு வாரிசு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் கிரம்ஹான்சல் 2013-இல் தன் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டுகளில், அவர்களுடைய அப்பா அம்மா இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகள் தனியாக ஒரு மேடு கட்டியிருந்தன. வீட்டில் ஓடியது, பிள்ளைக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டேப் ரிக்கார்டர் போன பிறகு நானே பாடித் தூங்கவைத்திருக்கிறேன். இப்போது அவளுக்குக் கல்லூரி. போன மாதம் ஒருநாள் சமையலறையில் அந்த மூன்றாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணத்தில் குரலை ஒரு நொடி உள்ளே இழுத்து முக்கி வெளியே விட்டாள். போனில் அசலைப் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “இவர் அந்த இடத்தைச் சரியாகப் பாடலையேப்பா” என்றாள்.